சுரைக்குடுக்கையில் சித்திரம்: கொடி முதல் மெழுகு வரை

கிணற்றில் நீச்சல் பழகும் பிள்ளைகளின் முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி இறக்கிவிடும் வழக்கத்தை நம்மில் பலர் நேரில் கண்டிருப்போம். சில ஊர்களில் அதைச் சுரைப்புருடை என்பார்கள். விதை சேமிக்கவும், தண்ணீர் மொண்டு வைக்கவும், பாம்பாட்டியின் மகுடியாகவும், வீணைத் தண்டின் கீழே நாதம் கூட்டும் சிறு குடமாகவும் பயன்பட்ட அந்தக் குடுக்கையின் மேல் கோடு கீறியும் சூடு வைத்தும் சித்திரம் செய்வதையே இங்கே விளக்க முயல்கிறேன். இந்தக் கலைக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் எந்தக் கருவி வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டியவை இரண்டு உண்டு: காய் கொடியிலேயே முற்றியதா, பறித்த பிறகு முழுமையாகக் காய்ந்ததா. இவ்விரண்டும் சரியாக இருந்தால் எளிய கருவியைக் கொண்டே நல்ல வேலை செய்யலாம். சரியாக இல்லாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியும் உதவாது.

இது மிகப் பழைய கலை. பெரு நாட்டின் வடகடற்கரையில் உள்ள உவாகா பிரியேத்தா என்னும் மேட்டில் 1946-47இல் ஜூனியஸ் பேர்ட் என்ற தொல்லியலாளர் அகழ்ந்தபோது, நாலாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழமையான புதைகுழி ஒன்றில் முகங்கள் செதுக்கிய சிறு சுரைக்குடுக்கைகள் கிடைத்தன. அதே நாட்டில் உவான்காயோ நகரை அடுத்த கோச்சாஸ் கிராமங்களில் இன்றும் குடும்பம் குடும்பமாக இந்த வேலையைச் செய்கிறார்கள். மூவாயிரம் மீட்டருக்கும் மேல் உயரமான அந்த மலைப்பகுதியில் சுரை விளையாது என்பதால் காய்களை வெப்பமான தாழ்நிலங்களிலிருந்து வாங்கி வந்து, அறுவடை, திருவிழா, வீடு கட்டுதல் என்று தங்கள் ஊர் வாழ்க்கை முழுவதையும் ஒரு குடுக்கையைச் சுற்றிச் செதுக்கிவிடுகிறார்கள். நமக்கு அருகில், சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியில் இதற்குத் தும்பா என்று பெயர். பழங்குடி மக்கள் கஞ்சியும் கள்ளும் எடுத்துச் செல்லும் குடுக்கைகளின் மேல், கரி நெருப்பில் பழுக்கக் காய்ச்சிய கத்தியால் கோடு இழைப்பது அங்குள்ள முறை. இனி வரும் செய்முறையில் இவ்விரு மரபுகளிலிருந்தும் எடுத்துக்கொண்டவை உண்டு.

விதையும் கொடியும்

கடையில் கறிக்கு விற்கும் நீளமான வீரிய ரகச் சுரைக்காயில் ஓடு மெல்லியதாக இருக்கும். அது காய்ந்தால் பெரும்பாலும் சுருங்கி உள்வாங்கிவிடும். நாட்டு விதை சேகரிப்பவர்களிடம் குடுவைச் சுரை, கும்பச் சுரை, வாத்துச் சுரை, சட்டிச் சுரை என்று பல வடிவங்கள் கிடைக்கின்றன. கிண்ணத்துக்கும் பெட்டிக்கும் சட்டிச் சுரையையும், விளக்குக்குக் குடுவைச் சுரையையும், பறவை உருவங்களுக்கு வாத்துச் சுரையையும் நான் தேர்ந்துகொள்கிறேன்.

கறிக்காக ஆடிப்பட்டத்தில் விதைப்பதே வழக்கம். ஆனால் குடுக்கைக்கு விதைப்பவர்களுக்குத் தைப்பட்டத்தையே நான் பரிந்துரைப்பேன். ஆடியில் ஊன்றிய கொடியின் காய்கள் ஐப்பசி, கார்த்திகை மழையில் சிக்கி, முற்றும் தறுவாயில் அழுகிப்போகின்றன. தையில் ஊன்றினால் கோடை வெயிலில் காய் முற்றி, அடுத்த வடகிழக்குப் பருவமழைக்குள் காய்ந்தும்விடும். அதற்குத் தண்ணீர் வசதி வேண்டும் என்பது உண்மைதான். ஐந்தாறு கொடிகளுக்குக் கிணற்றடியில் வழிந்தோடும் நீரே போதும்.

விதையின் தோல் தடித்தது என்பதால் ஒரு நாள் ஊறவைத்து ஊன்ற வேண்டும். கொடி பத்தடி நீளம் ஓடியதும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடிக்கும். பெண் பூக்கள் அந்தக் கிளைகளில்தான் மிகுதியாக வரும். சுரையின் வெள்ளைப் பூ அந்தியில் மலர்வது. பகலில் வரும் தேனீயை நம்பியிராமல், பொழுது சாயும் நேரத்தில் ஆண் பூ ஒன்றைப் பறித்து, அடியில் பிஞ்சு தாங்கி நிற்கும் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவிவிட்டால் காய் பிடிப்பது உறுதியாகும். ஒரு கொடியில் நான்கைந்து காய்களை மட்டும் விட்டு, மற்றவற்றைப் பிஞ்சிலேயே கறிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். காய் குறைந்தால் ஓடு தடிக்கும். ஓர் எச்சரிக்கை: கசக்கும் சுரைக்காயை எந்த நிலையிலும் சமைக்கவோ சாறெடுக்கவோ கூடாது, அந்தக் கசப்பிலுள்ள வேதிப்பொருள் நச்சுத்தன்மை உடையது.

பந்தலில் தொங்கும் காய்க்குக் கழுத்து நேராகவும், தரையில் கிடக்கும் காய்க்கு அடி தட்டையாகவும் அமையும். நிற்கும் விளக்கு செய்ய விரும்பினால் காயைத் தரையில் நிமிர்த்தி வைத்து, அடியில் வைக்கோலோ ஓட்டுத் துண்டோ இட்டு ஈரம் படாமல் காக்க வேண்டும். பந்தலில் பெருத்த காயை விட்டால் கயிற்றால் உறி கட்டித் தாங்குவது அவசியம்.

பறிப்பதும் உலர்த்துவதும்

இந்தக் கலையில் பொறுமையைச் சோதிக்கும் பகுதி இதுவே. காயைத் தாங்கும் காம்பு முற்றிலும் பழுப்பேறிக் காயும் வரை பறிக்கக் கூடாது. நகத்தை அழுத்திப் பாருங்கள். தோலில் பிறைபோல் தடம் விழுந்தால் காய் இன்னும் இளசு. நான் வளர்த்த முதல் ஆண்டில், ஆசை மிகுதியால் காம்பு பச்சையாக இருக்கும்போதே ஒன்பது காய்களைப் பறித்துத் திண்ணையில் அடுக்கினேன். மூன்றாவது வாரத்தில் ஏழு காய்கள் அமுங்கி நீர் வடிந்தன. மீதி இரண்டும் காய்ந்தன என்றாலும் ஓடு அட்டைபோல் மெலிந்து, முதல் துளையிலேயே விரிசல் விட்டன. கொடியில் விட்ட காய் ஒன்றுமட்டும், எலிக்கும் தப்பி, தானாகவே காய்ந்து கிடந்தது. அதை வைத்துத்தான் என் முதல் கிண்ணத்தைச் செய்தேன்.

பறிக்கும்போது காம்போடு இருபுறமும் சிறிது கொடியையும் சேர்த்து நறுக்குங்கள். காம்பை ஒட்ட வெட்டினால் அந்த வாய் வழியே அழுகல் புகும். காற்றோட்டமான நிழலில், ஒன்றையொன்று தொடாமல், மரச்சட்டத்தின் மேலோ கயிற்றுக் கட்டிலின் மேலோ பரப்பி, வாரம் ஒருமுறை புரட்டிவிட வேண்டும். கடும் வெயிலில் போட்டால் வெளியோடு விரைந்து காய்ந்து, உள்ளே ஈரம் தங்கிவிடுகிறது. சிறிய காய்க்கு இரண்டு மாதமும் பெரிய காய்க்கு நான்கைந்து மாதமும் ஆகலாம்.

இந்தக் காலத்தில் காயின் மேல் சாம்பலும் கருமையுமாகப் பூஞ்சணம் படரும். பார்த்தவர்கள் பயந்து தூக்கி எறிந்துவிடுகிறார்கள், எறிய வேண்டாம். உள்ளிருக்கும் நீர் ஓட்டின் வழியே கசிந்து வெளியேறும்போது, மேலுள்ள மெல்லிய தோலில்தான் அந்தப் பூஞ்சணம் வாழ்கிறது. ஓடு கெட்டியாக இருக்கும்வரை அதனால் தீங்கில்லை; பிறகு நீங்காமல் தங்கிவிடும் தேன்நிற, பழுப்புநிறத் திட்டுகளை நான் அழகாகவே கருதுகிறேன். மேகம்போல் படர்ந்த அந்தத் திட்டுகளைப் பார்த்த பிறகே எந்த உருவத்தை எங்கே வைப்பது என்று பலமுறை முடிவு செய்திருக்கிறேன். தொட்டால் அமுங்குவதும் நாற்றம் வீசுவதும் மட்டுமே அழுகலின் அடையாளம். அத்தகைய காயை உடனே குப்பைக்குழிக்கு அனுப்பிவிடுங்கள்.

காய்ந்ததை அறியக் கையில் எடுத்தால் போதும். சில மாதங்களுக்கு முன் இரு கையாலும் தூக்கிய காய் இப்போது விரல்நுனியில் நிற்கும். ஆட்டினால் விதைகள் கலகலக்கும். விரல் கணுவால் தட்டிக் கேளுங்கள்: தடித்த ஓடு மரப்பெட்டிபோல் தாழ்ந்து ஒலிக்கும், மெல்லிய ஓடு தகரம்போல் கூர்ந்து ஒலிக்கும். காயைச் சுற்றிலும் தட்டிக்கொண்டே வந்தால் எந்தப் பக்கம் தடிப்பு, எந்தப் பக்கம் மெலிவு என்பது காதுக்குத் தெரிந்துவிடும். ஆழமாகச் செதுக்கும் உருவத்தைத் தடித்த பக்கத்துக்கு ஒதுக்க வேண்டும் என்பதால் நான் தட்டும்போதே சுண்ணக்கட்டியால் அடையாளம் இட்டுவிடுவேன்.

வெளித்தோலை நீக்குதல்

ஈரச்சாக்கில் சுற்றி ஒரு மணி நேரம் வைத்தால் வெளித்தோல் இளகும். பிறகு எவர்சில்வர் நாரால் வட்டமாகத் தேய்த்துக் கழுவலாம். பிடிவாதமான இடங்களை மழுங்கிய கத்தியின் முதுகால் சுரண்டலாம். உப்புத்தாளை இந்தக் கட்டத்தில் தொடவே கூடாது. அது விட்டுச் செல்லும் நுண்ணிய கீறல்கள் அப்போது கண்ணுக்குத் தெரியாமல் இருந்து, சாயம் ஏற்றும்போது கரிய கோடுகளாக எழும்பி வேலையையே கெடுத்துவிடும். கழுவிய காயை இரண்டு நாள் நிழலில் உலர்த்துங்கள்.

சுரைத்தூசியைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. உள்ளே இருக்கும் காய்ந்த சோறும் (விதையைச் சூழ்ந்த பஞ்சுபோன்ற சதை) பூஞ்சணமும் மிக நுண்ணிய பொடியாகப் பறக்கும். தொண்டையைக் கமறச் செய்யும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்தாகவும் முடியும். அறுப்பது, சுரண்டுவது, தேய்ப்பது, சூடு வைப்பது ஆகிய எல்லாவற்றையும் திறந்தவெளியில், முகத்தோடு ஒட்டி நிற்கும் என்95 முகக்கவசம் அணிந்தே செய்ய வேண்டும். கைக்குட்டை கட்டிக்கொள்வது போதாது.

அறுத்தலும் உட்புறம் தூய்மை செய்தலும்

கிண்ணமோ மூடியுள்ள பெட்டியோ செய்வதானால் சுற்றிலும் ஒரே மட்டத்தில் கோடு வேண்டும். கையால் போட்டால் அது ஏறி இறங்கும். காயைச் சமமான மேசையில் வைத்து, பக்கத்தில் வேண்டிய உயரத்துக்குப் புத்தகங்களை அடுக்கி, மேல் புத்தகத்தில் பென்சிலைப் படுக்கவைத்து, அதன் நுனி காயைத் தொடும்படி அழுத்திக்கொள்ளுங்கள். பிறகு பென்சிலை அசைக்காமல் காயை மட்டும் சுழற்றினால் தொடங்கிய இடத்திலேயே கோடு வந்து சேரும். கூர்மையான கத்தி முனையால் கோட்டின் மேல் சிறு பிளவு உண்டாக்கி, அதில் ஹேக்ஸா பிளேடின் ஒடித்த துண்டையோ மெல்லிய ஊசி ரம்பத்தையோ நுழைத்து, அழுத்தாமல் நிதானமாக அறுக்க வேண்டும். மூடி வைத்த பெட்டிக்குக் கோட்டின் ஓர் இடத்தில் சிறு வளைவு விட்டு அறுத்தால், மூடியை எப்போதும் அதே இடத்தில் பொருத்த அது அடையாளமாகும்.

விதைகளைத் தனியே எடுத்து, எந்தக் காயின் விதை என்று எழுதி வையுங்கள். பல வடிவங்களை அருகருகே வளர்த்திருந்தால் மகரந்தம் கலந்து அடுத்த தலைமுறையில் வடிவம் மாறும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் சோற்றைத் தண்ணீர் தெளித்து ஊறவிட்டுத் தேய்ந்த கரண்டியால் சுரண்டினால் தூசி எழாது. விளக்கு செய்வதானால் அடியில் ஒரு கைவிரல்கள் நுழையும் அளவு வட்டம் வெட்டி, அதன் வழியே நீண்ட கம்பியை வளைத்துவிட்டுச் சுரண்ட வேண்டும். இது அரை நாள் வேலை. குறுக்கு வழி இல்லை.

வரைதலும் சூடு வைத்தலும்

வளைந்த பரப்பில் வரைவது தாளில் வரைவதைப் போன்றதன்று. தாளில் வரைந்த வட்டத்தை அப்படியே ஒற்றினால் குடுக்கையின் வயிற்றில் அது முட்டையாகிவிடும். ஆகையால் நேராகக் குடுக்கையின் மேலேயே மென்மையான பென்சிலால் வரையப் பழகுங்கள். பிழையை ஈரத்துணி அழித்துவிடும். சுற்றளவைச் சமமாகப் பிரிக்க, தாள் நாடா ஒன்றைக் காயைச் சுற்றி அளந்து வெட்டி, மூன்று முறை மடித்துப் பிரித்தால் எட்டுச் சம பாகங்கள் கிடைக்கும். அதை மீண்டும் சுற்றி மடிப்புள்ள இடங்களிலும் இரு முனைகள் சேரும் இடத்திலும் புள்ளி வைத்தால் போதும். கோலம் போடும் கை உள்ளவர்களுக்கு இதற்குமேல் சொல்லித்தர ஒன்றுமில்லை. புள்ளியைச் சுற்றிக் கம்பி இழுக்கும் பழக்கம் குடுக்கையில் அப்படியே கைகொடுக்கிறது.

சூடு வைக்க, வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள சூட்டுப் பேனா சிறந்தது. தொடக்கத்தில் 25 வாட் சால்டரிங் அயர்ன் போதும்; ஆனால் அது புதியதாக இருக்க வேண்டும். ஈயம் உருக்கிய பழைய முனையைச் சுட்டால் அந்த ஈயம் உங்கள் கையிலும் பொருளிலும் படியும். முதலில் உடைந்த ஓட்டுத் துண்டு ஒன்றில் ஒரு நாள் முழுவதும் கோடு மட்டும் இழுத்துப் பழகுங்கள். முனை தோலைத் தொடும் கணத்தில் சிறு தயக்கம் தெரியும். அதை மீறி அழுத்தினால் முனை உள்ளே அமிழ்ந்து கரும்புள்ளி விழும். அழுத்தாமல், மூச்சை மெல்ல விட்டுக்கொண்டே, முனை நகரத் தொடங்கிய பிறகு தோலைத் தொட்டு, நகர்ந்துகொண்டிருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். மெதுவாக நகர்ந்தால் கரிய கோடு, விரைந்தால் தேன்நிறக் கோடு. மரப்பலகையில் உள்ளதுபோல் ரேகை குறுக்கிடாது என்பதால் எந்தத் திசையிலும் கோடு வழுக்கிக்கொண்டு போகும். வளைவுகளில் பேனா பிடித்த கையைத் திருப்பாமல், மடியில் மணல்பை வைத்து அதன் மேல் காயை வைத்து, இடக்கையால் காயைத் திருப்புங்கள். என் கோடுகள் நடுங்காமல் வரத் தொடங்கியது இந்தப் பழக்கத்துக்குப் பிறகுதான்.

நிழல் காட்டக் கோச்சாஸ் கலைஞர்கள் கனலும் குச்சியை ஊதி ஊதித் தோலருகே பிடித்து, பொன்னிறத்திலிருந்து கரி நிறம் வரை பல சாயைகளை எழுப்புகிறார்கள். அது கைவர நெடுநாள் ஆகும். நாம் பேனாவின் தட்டை முனையைச் சாய்த்துத் தடவி ஓரளவு அதை எட்டலாம்.

கீறுதலும் மை ஏற்றுதலும்

சூடு இல்லாமலும் இந்தக் கலையைச் செய்யலாம். எனக்கு மிகவும் பிடித்த வழியும் அதுவே. கூரிய சிறு உளியாலோ தீட்டிய ஊசியாலோ மேல் தோலை மட்டும் கீறினால் உள்ளிருக்கும் வெளிறிய சதை கோடாகத் தெரியும். பெருவின் அயாகுச்சோ மரபில், புல்லை எரித்த சாம்பலைக் கொழுப்போடு குழைத்து அந்தக் கீறல்களில் தேய்த்துத் துடைத்துவிடுவார்கள். வழவழப்பான தோலில் கரி நிற்காது, கீறலில் மட்டும் தங்கும். நம் ஓலைச்சுவடி மரபு அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. எழுத்தாணியால் கீறிய ஓலையில் விளக்குக்கரியும் இலைச்சாறும் தடவி எழுத்தைத் துலங்கச் செய்யும் மையாடலும் இதே முறைதான். நான் விளக்கெண்ணெய்த் தீபத்தின் மேல் பிடித்த கரியை ஓரிரு சொட்டுத் தேங்காய் எண்ணெயில் குழைத்துத் துணியால் தேய்க்கிறேன். எண்ணெய் கூடினால் கரி தோலில் பரவிக் கறையாகும். உள்ளங்கையில் தேய்த்தால் ஈரம் தெரியாத பதமே சரியானது. கோட்டின் குறுக்காகத் துடைக்க வேண்டும்; நெடுக்கில் துடைத்தால் கீறலில் தங்கிய மையும் கூடவே வந்துவிடும்.

செதுக்கும்போது கத்திக்கு எதிரே இடக்கையை ஒருபோதும் வைக்காதீர்கள். வழுக்கும் உருண்டைப் பரப்பில் கத்தி எப்போது விலகும் என்று சொல்ல முடியாது.

நிறத்தைப் பொறுத்தவரை நான் சிக்கனக்காரன். ஸ்பிரிட்டில் கரையும் மரச்சாயம் ஓட்டில் நன்றாக ஊறும். அக்ரிலிக் வண்ணம் மேலே படலமாக நின்று ஓட்டின் இயல்பை மூடிவிடுகிறது. மஞ்சள்தூள் சாயம் அழகாகப் பிடிக்கும் என்றாலும் வெளிச்சத்தில் சில வாரங்களில் வெளுத்துவிடும் என்பதால் விற்பனைக்குரிய பொருளில் பயன்படுத்த வேண்டாம்.

விளக்குக்கான துளைகள்

சிறிய டிரில்லிங் மெஷினில் 1, 2, 3 மில்லிமீட்டர் முனைகள் மூன்று இருந்தால் போதும். ஒவ்வொரு புள்ளியிலும் முதலில் ஊசியால் குழி இட்டால் முனை வழுக்காது. துளைக்கும் துளைக்கும் இடையே குறைந்தது ஒரு துளையின் அகலமாவது ஓடு மிஞ்ச வேண்டும்; நெருக்கிவிட்டால் வரிசை முழுவதும் கிழிந்துபோகும். பகலில் பார்க்கும் வடிவம் வேறு, இரவில் சுவரில் விழும் வடிவம் வேறு. ஆகையால் பாதி வேலையில் விளக்கை உள்ளே வைத்து இருட்டறையில் ஒருமுறை பார்த்துவிட்டு மீதியைத் தொடருங்கள். உள்ளே சூடேறாத எல்இடி விளக்கை மட்டுமே வைக்க வேண்டும். எண்ணெய்த் தீபமோ மெழுகுவர்த்தியோ வைத்தால் காய்ந்த ஓடு தீப்பற்றும்.

சிறு விரிசலுக்கு, அறுக்கும்போது விழுந்த சுரைத்தூளையே மரப்பசையில் குழைத்து அடைத்து, காய்ந்தபின் மெல்லிய உப்புத்தாளால் அந்த இடத்தை மட்டும் சமன் செய்யலாம். நிறமும் பெரும்பாலும் பொருந்திவிடும்.

மெழுகும் பராமரிப்பும்

தேன்மெழுகை நீராவிச் சூட்டில் உருக்கி, அதில் இருமடங்கு ஆளிவிதை எண்ணெய் சேர்த்து ஆறவைத்தால் களிம்பாகும். அதைத் துணியில் தொட்டு மெல்லப் பூசி, ஒரு நாள் விட்டுத் தேய்த்தால் ஓடு உள்ளிருந்து ஒளிர்வதுபோல் மிளிரும். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிட வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் காற்றில் உலரும்போது வெப்பம் உண்டாகித் துணி தானாகவே தீப்பற்றக்கூடும். கயிற்றில் விரித்துக் காயப்போடுங்கள். அடிக்கடி கைபடும் பெட்டிகளுக்குப் பளபளப்பில்லாத வார்னிஷ் இரண்டு பூச்சு நல்லது. விளக்கின் உட்புறத்துக்கு எதுவும் பூச வேண்டியதில்லை.

சூடு வைத்த அல்லது சாயம் ஏற்றிய எந்தக் குடுக்கையையும் உணவுக்குப் பயன்படுத்தக் கூடாது. தண்ணீர் வைக்கும் குடுக்கை வேண்டுமென்றால், கசப்பில்லாத காயாகப் பார்த்து, உட்புறத்தைச் சுரண்டி, நீர் நிரப்பி நாள்தோறும் மாற்றி, நீரில் மணமும் சுவையும் முற்றிலும் நீங்கும்வரை பழக்க வேண்டும். வாங்குபவரிடம் பொருளைக் கொடுக்கும்போது, நேர் வெயில் படும் சன்னலருகில் வைக்க வேண்டாம் என்பதையும், ஈரத்துணியால் துடைக்காமல் உலர்ந்த தூரிகையால் தூசி தட்ட வேண்டும் என்பதையும், மழைக்காலத்தில் மூடிய அலமாரியில் வைப்பதானால் வேப்பிலைச் சருகு சிறிது போட்டு வைக்கலாம் என்பதையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அந்தச் சீட்டின் பின்புறத்தில் அது எந்தக் கொடியில், எந்த ஆண்டு விளைந்த காய் என்பதையும் நான் எழுதுவது வழக்கம்.